இந்திய மாதர் வாழ்வும் விவரணப் படங்களும்

திரைப்படம் என்றதும் நம்மவருட் பெரும்பாலோர் நினைவுக்கு வருவன கதையும் பாட்டும் நிறைந்த படங்களே. ஒரு காலத்தில் அத்தகைய படம் தொடங்குமுன் பத்துப் பதினைந்து நிமிடம் செய்திப் படமும் விவரணப் படமும் காட்டப்பட்டன. அவற்றைப் பொறுமையோடு பார்த்திருந்தவர் சிலர்; மணி அடிக்கும்வரை வெளியே நின்று சோடா குடித்தவர் பலர். ஆயினும் அன்று மதிப்பாரின்றிக் கிடந்த அந்த விவரணப் படத்தின் வழியில் வந்த படங்களே, கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளாக, இந்தியப் பெண்களின் வாழ்வைப் பற்றிக் கதைப் படங்கள் கூறத் துணியாத பலவற்றைக் கூறி வந்துள்ளன. அப்படங்கள் சிலவற்றை ஈண்டு அறிமுகஞ் செய்வதோடு, அவற்றை எவ்வாறு பார்த்தல் வேண்டும் என்பதையும் ஆராய முயல்வாம்.

தமிழகத்தில் ஆவணப்படம் என வழங்குவதையே நாம் இங்கு விவரணப் படம் என்கின்றோம். நடிகரின்றி உண்மை மாந்தரையும், புனைந்த அரங்கமின்றி உண்மையிடங்களையும் காட்டுவது அதன் இயல்பு. அதனால் அதிற் காண்பதெல்லாம் கலப்பற்ற உண்மையே என்று நம்பிவிடுதல் எளிது. ஆனால் எவரைப் படம் பிடிப்பது, எவ்வளவு நேரம் பேசவிடுவது, எதை வெட்டுவது, எதன்பின் எதை ஒட்டுவது என்பவற்றையெல்லாம் ஒருவர் தீர்மானித்தே ஆகவேண்டும். எனவே விவரணப் படத்தைப் பார்ப்போன் முதலிற் கேட்கவேண்டிய வினா, "இதிற் பேசுபவர் யார்? யாரைப் பற்றிப் பேசுகிறார்?" என்பதாகும். இந்தியப் பெண்களைப் பற்றிய விவரணப் படங்களின் வரலாறு முழுவதும் இவ்வினாவுக்குக் காலந்தோறும் வெவ்வேறு விடை கூறிய வரலாறே.

அரசின் குரல்

இந்தியா சுதந்திரம் பெற்ற மறு ஆண்டாகிய 1948 இல் அந்நாட்டு அரசு பம்பாயில் பிலிம்ஸ் டிவிஷன் என்னும் திரைப்படப் பகுதியை நிறுவிற்று. அப்பகுதி தயாரித்த செய்திப் படங்களும் விவரணப் படங்களும் பல மொழிகளில் வெளியிடப்பட்டு நாடெங்குமுள்ள படமாளிகைகளுக்கு அனுப்பப்பட்டன. கதைப் படத்தின் முன் அவற்றைக் காட்டுதல் பல பத்தாண்டுகள் படமாளிகைகளுக்குக் கட்டாயக் கடமையாயிருந்தது. உலகிலே இத்துணைப் பெரிய கூட்டத்தைத் தன் படங்களுக்கு உறுதியாகப் பெற்றிருந்த அரசுகள் மிகச் சிலவே. 2022 ஆம் ஆண்டில் இப்பகுதி தேசிய திரைப்பட அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்துடன் இணைக்கப்பட்டது.

அணைக்கட்டுகள், உருக்காலைகள், நடனக் கலைகள், நோய்த் தடுப்பு எனப் பல பொருள்களை அப்படங்கள் எடுத்துரைத்தன. பெண்ணும் அவற்றில் வந்தாள். கிணற்றிலிருந்து நீர் சுமப்பவளாகவும், கைத்தொழில் கற்பவளாகவும், சின்னஞ்சிறு குடும்பத்தின் தாயாகவும் வந்தாள். ஆனால் அவள் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை. அவளுக்காகத் திரைக்குப் பின்னிருந்து கம்பீரமான ஆண் குரலொன்று பேசிற்று. அவளுக்கு எது நன்று என்பதை அக்குரல் அறிந்திருந்தது. அவள் என்ன நினைக்கிறாள் என்று அது வினவவில்லை.

இதற்கு விலக்கில்லாமலில்லை. எஸ். என். எஸ். சாஸ்திரி அவர்கள் 1967 இல் எடுத்த "ஐ ஆம் டுவென்ரி" என்னும் படம், சுதந்திரம் பிறந்த ஆண்டிற் பிறந்து இருபது வயதெய்திய இளைஞரையும் யுவதிகளையும் நேரே பேசவிட்டது. நம்பிக்கையும் கசப்பும் ஒருங்கே அவர்கள் வாயிலிருந்து வெளிப்பட்டன. அரசின் பணத்தில் எடுத்த படமாயினும், மக்களைத் தாமே பேசவிடலாம் என்பதை அது காட்டிற்று.

தணிக்கையும் ஒரு வழக்கும்

மக்களைப் பேசவிடுவதற்கும் உள்ளதைக் காட்டுவதற்கும் தடையாய் நின்றது தணிக்கை முறை. 1952 ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத்தின்படி இந்தியாவில் எப்படமும் பொதுமக்களுக்குக் காட்டப்படுமுன் தணிக்கைச் சபையின் சான்றிதழைப் பெறுதல் வேண்டும். எழுத்தாளரும் நெறியாளருமான கே. ஏ. அப்பாஸ் அவர்கள் 1968 இல் "நான்கு நகரங்களின் கதை" என்றொரு குறும்படம் எடுத்தார். கல்கத்தா, பம்பாய், மதராஸ், டில்லி என்னும் நகரங்களில் மாடமாளிகையையும் சேரியையும் அருகருகே வைத்துக் காட்டிய அப்படத்தில், பம்பாயிலே பெண்கள் உடலை விற்கும் தெருவொன்றும் சில கணங்கள் காட்டப்பட்டது. அக்காட்சிகளை நீக்கினாலன்றி யாவரும் பார்க்கத்தக்க படம் என்ற சான்றிதழ் கிடையாது என்று கூறப்பட்டது.

அப்பாஸ் அவர்கள் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றார். 1970 ஆம் ஆண்டு பிரதம நீதியரசர் இதயதுல்லா அவர்கள் அளித்த தீர்ப்பு முன்கூட்டிய தணிக்கை அரசியலமைப்புக்கு முரணன்று எனக் கூறிற்று. அதேவேளை, தணிக்கை செய்வோர் கலையையும் சமூகப் பயனையும் உணர்ந்து நடத்தல் வேண்டும் என்றும் வலியுறுத்திற்று. மேன்முறையீட்டுக்கென ஒரு நியாயசபை வேண்டும் என்ற கருத்து அவ்வழக்கினாலேயே வலுப்பெற்றது. 1983 இல் ஏற்பட்ட அந்நியாயசபை 2021 இல் நீக்கப்பட்டமையால், இப்பொழுது மேன்முறையீடு செய்வோர் மாநில மேல்நீதிமன்றங்களையே நாடவேண்டியுள்ளது.

இவ்வழக்கை ஈண்டு நினைவுகூர்வதற்கு ஒரு காரணமுண்டு. அத்தெருவில் அப்பெண்கள் வாழ்வது எவருக்கும் வெட்கமாகத் தோன்றவில்லை. அவர்கள் அங்கு வாழ்கிறார்கள் என்று திரையிற் காட்டுவதே வெட்கமாகத் தோன்றிற்று. பின்வந்த பல படங்களும் எதிர்நோக்கிய இடர் இதுவேயாகும்.

பெண்களோடு கூடி எடுத்த படங்கள்

1970 களின் பிற்பகுதியில் இந்தியப் பெண்கள் இயக்கம் புத்துயிர் பெற்றது. 1972 இல் காவல் நிலையமொன்றில் பழங்குடிப் பெண்ணொருத்தி கெடுக்கப்பட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் 1978 இல் காவலர் இருவரையும் விடுதலை செய்தது. அதனை எதிர்த்துச் சட்டப் பேராசிரியர் நால்வர் 1979 இல் பகிரங்கக் கடிதம் எழுதினர். நகரந்தோறும் பெண்கள் வீதிக்கு வந்தனர். 1983 இல் சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டிலேயே கணவனும் அவன் சுற்றத்தாரும் மனைவிக்கு இழைக்கும் கொடுமையைத் தனிக் குற்றமாக்கும் 498-ஏ பிரிவும் தண்டனைச் சட்டத்திற் சேர்க்கப்பட்டது.

இக்காலத்தில், 1980 ஆம் ஆண்டு, தீபா தன்ராஜ், ஆபா பையா, மீரா ராவ், படப்பிடிப்பாளர் நவ்ரோஸ் கொன்ராக்ரர் ஆகியோர் கூடி "யுகாந்தர்" என்னும் குழுவை அமைத்தனர். யுகமாற்றம் எனப் பொருள்படும் பெயர் கொண்ட அக்குழு 1981 முதல் 1983 வரை நான்கு குறும்படங்களை எடுத்தது. அவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரைமணி நேரமே ஓடுவன. எனினும் இந்திய விவரணப் படத்தின் போக்கையே மாற்றியவை அவை என்று கூறுதல் மிகையன்று.

முதற்படமாகிய "மோல்கரீண்", பூனா நகரில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் தமக்கெனச் சங்கம் அமைத்த கதையைக் கூறுவது. ஒவ்வொருத்தி ஒவ்வொரு வீட்டில் தனித்து வேலை செய்பவள். தொழிற்சாலையிற் போல ஒருவரையொருவர் காணும் வாய்ப்பு அவர்களுக்கில்லை. அத்தகையோர் எவ்வாறு ஒன்றுகூடிக் கூலியையும் விடுமுறையையும் கேட்டனர் என்பதை அவர்களே சொல்கின்றனர். இரண்டாவது படம் கருநாடகத்து நிப்பாணி என்னும் ஊரிற் பீடிப் புகையிலைத் தொழிற்சாலைகளில் உழைத்த பெண்களைப் பற்றியது. "புகையிலைத் தணல்" என நாம் பெயர்க்கக்கூடிய அப்படத்தில், மூச்சை அடைக்கும் புகையிலைத் தூசியின் நடுவே அவர்கள் செய்யும் வேலையையும், வேலைநிறுத்தத்துக்கு வழிவகுத்த கூட்டங்களையும் காண்கிறோம். எக்காட்சியை எங்ஙனம் எடுப்பது என்பதை அத்தொழிலாளப் பெண்களுடன் கலந்தே குழுவினர் முடிவு செய்தனர்.

மூன்றாவது படம் "இது கதை மட்டுந்தானா?" எனப் பொருள்படும் தெலுங்குப் பெயர் கொண்டது. ஐதராபாத்திலிருந்த ஸ்திரீ சக்தி சங்கடன என்னும் பெண்கள் அமைப்புடன் சேர்ந்து எடுக்கப்பட்ட அப்படம், மணமான பெண்ணொருத்தி வீட்டினுள் அனுபவிக்கும் அடியையும் தனிமையையும் நடித்துக் காட்டுவது. உண்மைப் பெண்ணொருத்தியைப் படம் பிடித்தால் அவளுக்குத் தீங்கு நேரும் என்ற நிலையில், பலர் அனுபவங்களைக் கேட்டுக் கூட்டாகக் கதையமைத்து, அமைப்பினரே நடித்தனர். நடிப்பும் உண்மையை உரைக்கும் வழியாகலாம் என்பதற்கு அது நல்ல சான்று. நான்காவது படமாகிய "சுதேஷா", கார்வால் மலைநாட்டிலே மரங்களைத் தழுவி நின்று காத்த சிப்கோ இயக்கத்தில் ஈடுபட்ட கிராமத்துப் பெண்ணொருவரைப் பற்றியது.

இப்படங்கள் படமாளிகைக்குச் செல்லவில்லை. 16 மில்லிமீற்றர் படக்கருவியைச் சுமந்துகொண்டு குழுவினர் தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் கிராமங்களுக்கும் சென்றனர். படம் முடிந்தபின் கூடியிருந்தோர் பேசினர். உண்மையில் அந்தப் பேச்சுக்காகவே அப்படங்கள் எடுக்கப்பட்டன எனலாம். நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த இந்நான்கையும் அண்மை ஆண்டுகளில் ஜேர்மனியின் பேர்லின் நகரிலுள்ள ஆர்சனல் திரைப்பட நிறுவனத்தார் புதுப்பித்துக் காத்துள்ளனர்.

சத்திரசிகிச்சைக் கூடாரம்

யுகாந்தரின் பின் தீபா தன்ராஜ் அவர்கள் 1991 இல் எடுத்த "சம்திங் லைக் எ வோர்" என்னும் படத்தைத் தனியே எடுத்துக் கூறுதல் தகும். "போரை ஒத்த ஒன்று" என்பது அப்பெயரின் பொருள். குடும்பக் கட்டுப்பாட்டை அரசின் திட்டமாக 1952 இலேயே மேற்கொண்ட நாடு இந்தியா. 1975 முதல் 1977 வரை நிலவிய நெருக்கடி நிலையின்போது அத்திட்டம் வற்புறுத்தலாக மாறிற்று. 1976–77 என்ற ஓராண்டில் மாத்திரம் 80 இலட்சத்துக்கு மேற்பட்டோர் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்குட்பட்டனர். அவருட் பெரும்பாலோர் ஆடவர். அதனால் எழுந்த சினம் 1977 தேர்தலில் அரசையே வீழ்த்த உதவியது. பின்வந்தோர் ஆடவரைத் தொட அஞ்சினர்; சுமை முழுவதும் பெண்கள் மேல் ஏறிற்று.

இந்த மாற்றத்தையே படம் விளக்குகிறது. ஒருபுறம் சத்திரசிகிச்சை முகாம். வரிசையாகக் கிடத்தப்பட்ட பெண்கள். தம் விரைவைத் தாமே வியந்து பேசும் மருத்துவர். எண்ணிக்கை இலக்கை அடைய ஓடும் அலுவலர். மறுபுறம் கிராமத்துப் பெண்கள் வட்டமாக அமர்ந்து, ஓர் உடலின் உருவை வரைந்து வைத்துக்கொண்டு, தம் உடலைப் பற்றியும் பிள்ளைப்பேற்றைப் பற்றியும் வெட்கமின்றி, நகைச்சுவையோடு பேசுகின்றனர். இவ்விரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டுவதே படத்தின் வாதம். முகாமில் வெறும் எண்ணாயிருந்தவள் வட்டத்தில் அறிவும் விருப்பமும் உள்ள மனுஷியாகிறாள்.

பழைய அரசுப் படங்களில் இதே பொருள் எவ்வாறு வந்தது என்பதை ஒப்புநோக்குக. அங்கே தலைகீழான சிவப்பு முக்கோணமும் புன்னகை செய்யும் சிறு குடும்பமும். இங்கே அம்முக்கோணத்தின் பின்னாலிருந்த கூடாரம். இது பழங்கதையென்று எண்ணவேண்டா. 2014 நவம்பரில், சத்தீஸ்கார் மாநிலத்துப் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே முகாமில் 83 பெண்களுக்குச் சில மணி நேரத்துள் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. அம்மாவட்டத்து முகாம்களுக்குச் சென்ற பெண்கள் பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2016 இல் உச்ச நீதிமன்றம் அத்தகைய முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்துமாறு பணித்தது. படம் வெளிவந்து இருபத்தைந்து ஆண்டுகளின் பின்னரே அக்கட்டளை பிறந்தது. கண்டும் காணாதிருத்தலின் விலை இத்தகையது.

ஆடவரை நோக்கிய கமரா

பெண்கள் வாழ்வைப் பற்றிய படமெனின் அதிற் பெண்களே தோன்றவேண்டும் என்பதில்லை. 1987 செப்டெம்பர் 4 ஆந் தேதி இராஜஸ்தான் மாநிலத்துத் தேவ்ராலாக் கிராமத்திலே பதினெட்டு வயது விதவையொருத்தி கணவனின் சிதையில் எரிந்தாள். ஆயிரக்கணக்கானோர் அதனைப் புண்ணியமெனக் கொண்டாடினர். அவ்வாண்டிலேயே உடன்கட்டைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. டில்லியிற் பயின்ற இளம் பெண்கள் அமைத்த மீடியாஸ்ரோம் என்னுங் குழு அடுத்த ஆண்டில் அந்நிகழ்ச்சியைப் பற்றி "ஃபுரொம் த பேர்னிங் எம்பேர்ஸ்" என்ற படத்தை வெளியிட்டது.

ஆனந்த் பட்வர்த்தன் அவர்கள் அதே நெருப்பிலிருந்து தொடங்கி வேறொரு வழியிற் சென்றார். 1995 இல் வெளிவந்த "ஃபாதர், சன் அன்ட் ஹோலி வோர்" என்னும் அவரது படம், பெண்ணை எரிப்பதைக் கொண்டாடும் ஆடவனின் மனம் எவ்வாறு உருவாகிறது என்று கேட்கிறது. ஆண்மை குன்றிவிடும் என்ற அச்சம், வீரம் என்ற பெயரில் வரும் வெறி, தெருவில் மருந்து விற்போன் ஆண்மையைப் பற்றிச் செய்யும் பிரசங்கம், கலவரத்திற் பிற சமூகத்துப் பெண்கள்மேல் நடக்கும் கொடுமை என்பன யாவும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என அது நிறுவ முயல்கிறது. அரசுத் தொலைக்காட்சியாகிய தூர்தர்ஷன் அதனைக் காட்ட மறுத்தது. நெடிய வழக்கின் பின் 2006 இல் உச்ச நீதிமன்றம் அதனைக் காட்டுமாறு கட்டளையிட்டது.

ஆண்கள் கல்லூரியிற் பயின்ற எம்போன்றோர் முதலிற் பார்க்கவேண்டியது இப்படமே என்பது எமது துணிபு. பெண்களின் துன்பத்தைக் கண்டு இரங்குதல் எமக்கு எளிது. அத்துன்பத்திற் கணவனாக, தமையனாக, தந்தையாக, சீதனம் பேசும் சுற்றத்தவனாக எமது பங்கு யாது என்று கேட்டல் அத்துணை எளிதன்று.

தமிழகத்திலிருந்து சில காட்சிகள்

தமிழகத்து விவரணப் படங்களுள் இரண்டைக் கூறாதிருத்தல் இயலாது. மதுரையைச் சேர்ந்த ஆர். பி. அமுதன் அவர்கள் 2003 இல் எடுத்த குறும்படத்தின் பெயர் நாகரிகச் சபையிற் சொல்லத் தயங்கும் ஓரெழுத்துச் சொல். மதுரை மாநகரத்துத் தெருவொன்றிற் பிறர் கழித்த மலத்தை அள்ளும் பெண் தொழிலாளி ஒருவரை ஒரு காலைப்பொழுது பின்தொடர்வதே படம். இசையில்லை, விரிவுரையில்லை. அவர் வேலை செய்துகொண்டே தம் வாழ்வைப் பற்றிப் பேசுகிறார். பார்ப்பவன் முகத்தைத் திருப்பிக்கொள்ள விரும்புகிறான். அவ்விருப்பமே அப்பெண்ணை அங்கு வைத்திருப்பது என்பதை உணர்வதற்கு அதிக நேரஞ் செல்லாது.

2017 இல் திவ்யபாரதி அவர்கள் எடுத்த "கக்கூஸ்" என்னும் படம் இதே கொடுமையைத் தமிழகமெங்குஞ் சென்று பதிவு செய்தது. இத்தொழிலைத் தடுக்கும் சட்டம் 1993 இலும், அதனினும் விரிவான சட்டம் 2013 இலும் இயற்றப்பட்டிருந்தும், தொழில் நின்றபாடில்லை என்பதை அது முகம் முகமாகக் காட்டிற்று. படத்தைப் பல இடங்களிற் காட்டவிடாது காவற்றுறையினர் தடுத்தனர். அதனால் அது இணையத்தில் வெளியிடப்பட்டது. ஒல்லாந்தரிடமிருந்து வந்ததெனக் கருதப்படும் அப்பெயர்ச் சொல் இலங்கையரான எமக்கும் வீட்டுச் சொல்லே. அச்சொல்லின் பின்னாலுள்ள மனிதரை எம்மூரிலும் நெடுங்காலம் ஊருக்கு வெளியே வைத்திருந்தோம் என்பதை மறத்தல் அறமாகாது.

தீபா தன்ராஜ் அவர்களின் 2011 ஆம் ஆண்டுப் படமாகிய "இன்வோக்கிங் ஜஸ்ரிஸ்" வேறு வகையது. மணமுறிவு, பராமரிப்பு முதலிய குடும்ப வழக்குகளை ஆடவர் மாத்திரமே அமர்ந்து தீர்க்கும் ஜமாஅத்திற் பெண்ணுக்கு இடமில்லாதிருந்தது. அதனால், புதுக்கோட்டையைத் தலைமையிடமாகக் கொண்டு 2004 இல் முஸ்லிம் பெண்கள் தமக்கெனப் பெண்கள் ஜமாஅத்தை அமைத்தனர். அவர்கள் சமயத்தை விட்டு வெளியேறவில்லை; சமயத்துள் நின்றே நியாயம் கேட்டனர். வழக்கைக் கேட்பவரும், சாட்சியை வினவுபவரும், தீர்ப்பைச் சொல்பவரும் பெண்கள். அழுதுகொண்டு வருபவள் வழக்குரைத்துச் செல்வதைப் பார்ப்பது மனத்துக்கு உரமூட்டுவதாகும்.

கமரா கைமாறிய கதை

இதுவரை கூறிய படங்களைக் கற்றறிந்த நெறியாளர்களே எடுத்தனர். படத்திற் காட்டப்படும் பெண்ணே கமராவை எடுத்தால் என்ன? இவ்வினாவுக்கு அகமதாபாத்தில் விடை கிடைத்தது. எலா பட் அவர்கள் 1972 இல் நிறுவிய சுயதொழில் மகளிர் சங்கத்தினர் 1984 இல் வீடியோப் பயிற்சியொன்றை நடத்தினர். தெருவிற் காய்கறி விற்போர் முதலிய உறுப்பினர் அதிற் பயின்றனர். அவருள் எழுத வாசிக்கத் தெரியாதோரும் இருந்தனர். கருவியைக் கழற்றவும் பூட்டவும், ஒளியை அளக்கவும், காட்சிகளை ஒழுங்குபடுத்தவும் அவர்கள் கற்றுக்கொண்டனர். தம் சங்கத்தாருக்காகத் தாமே படமெடுத்தனர். எழுத்தறியாமை அறிவின்மையன்று என்பதை இதனினுந் தெளிவாகக் காட்டல் அரிது.

எழுத்தின் துறையிலும் இவ்வாறே நிகழ்ந்தது. உத்தரப் பிரதேசத்துச் சித்ரகூட மாவட்டத்தில் 2002 இல் "கபர் லஹரியா", அதாவது செய்தி அலைகள், என்னும் பத்திரிகை தொடங்கப்பட்டது. அதன் செய்தியாளர் யாவரும் கிராமத்துப் பெண்கள். பெரும்பாலோர் தலித் சமூகத்தினர். காலப்போக்கில் அப்பத்திரிகை அச்சிலிருந்து கைத்தொலைபேசிக்கு மாறிற்று. அம்மாற்றக் காலத்தில் அவர்களைப் பின்தொடர்ந்து ரிந்து தோமஸ், சுஷ்மித் கோஷ் ஆகிய இருவர் எடுத்த "ரைற்றிங் வித் ஃபயர்" என்னும் படம் 2021 இல் வெளிவந்தது. கல் உடைக்கும் சுரங்கக் கள்வரையும், முறைப்பாட்டைப் பதிய மறுக்கும் காவலரையும் கைத்தொலைபேசி ஒன்றோடு எதிர்கொள்ளும் அப்பெண்களைக் கண்டு உலகம் வியந்தது. 2022 இல் அது ஒஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

ஆனால் விருது விழாவுக்குச் சில நாட்களுக்கு முன், 2022 மார்ச் மாதத்தில், கபர் லஹரியாப் பெண்கள் ஓர் அறிக்கை வெளியிட்டனர். படம் உள்ளத்தைத் தொடுவதே எனினும், தாம் ஒரே கட்சியைப் பற்றி மாத்திரம் செய்தி சேகரிப்போர் போல் அதிற் காட்டப்பட்டிருப்பதாகவும், தம் பணி அதனினும் விரிந்ததெனவும், அரைகுறைக் கதை சில வேளைகளிற் கதையையே திரித்துவிடும் எனவும் அவர்கள் கூறினர். நெறியாளர்க்குத் தம் பார்வையிற் கதையை அமைக்கும் உரிமையுண்டு என்பாரும் உளர். வழக்கு யார் பக்கமாயினும் ஆகுக. முன்னொரு காலத்தில் திரையில் வாய் திறவாது நின்றவள், தன்னைப் புகழும் படத்தையே ஆராய்ந்து, "இது முழுமையன்று" என்று தன் பத்திரிகையில் எழுதும் நிலைக்கு வந்துவிட்டாள். இவ்வரலாற்றின் சிறப்பெல்லாம் இதிலேயே அடங்கியுள்ளது.

காட்டப்பட்டவரின் உரிமை

இங்கு மிக நுட்பமான வினாவொன்று எழுகிறது. துன்புற்றவளின் முகத்தைத் திரையிற் காட்டலாமா? கெடுக்கப்பட்ட பெண்ணின் பெயரையும் அடையாளத்தையும் வெளியிடுதலை இந்தியச் சட்டம் தடுக்கிறது. ஊராரின் பழிச்சொல்லிலிருந்து அவளைக் காப்பதே அதன் நோக்கம். ஆயின் வெட்கப்படவேண்டியவன் குற்றவாளியாயிருக்க, முகத்தை மறைப்பவள் குற்றமற்றவளாயிருப்பது முறையோ என்ற கேள்வியும் நியாயமானதே.

கனடாவில் வாழும் இந்திய வமிசத்தவரான நிஷா பஹூஜா அவர்கள் எடுத்த "ரு கில் எ ரைகர்" என்னும் 2022 ஆம் ஆண்டுப் படம் இவ்வினாவை நேர்நின்று சந்தித்தது. ஜார்க்கண்ட் மாநிலத்துக் கிராமமொன்றில் மூவராற் கெடுக்கப்பட்ட பதின்மூன்று வயதுச் சிறுமியை, அம்மூவருள் ஒருவனுக்கே மணஞ்செய்து கொடுத்து ஊரின் மானத்தைக் காக்குமாறு ஊரார் வற்புறுத்தினர். அவளுடைய தந்தை, ஒரு ஏழை விவசாயி, அதற்கு இணங்காது நீதிமன்றஞ் சென்றார். மூவரும் தண்டிக்கப்பட்டனர். படமெடுத்தவர் அவசரப்படவில்லை. அப்பெண் பதினெட்டு வயதெய்திய பின்னர், எடுத்த காட்சிகளை அவளுக்குக் காட்டி, முகத்தை மறைக்கவேண்டுமா என வினவினர். மறைக்கவேண்டா என்று அவள் தானே முடிவு செய்தாள். அம்முடிவு எல்லார்க்கும் பொருந்துவதன்று. இன்னொருத்தி வேறு முடிவு செய்யலாம். முடிவு செய்யும் உரிமை அவளுடையது என்பதே நாம் கற்கவேண்டியது.

எமது நாட்டுத் தாயொருத்தி

இந்தியப் பெண் நெறியாளரொருவர் எமது நாட்டுப் பெண்ணைப் பற்றி எடுத்த படமொன்றையும் இவ்விடத்திற் குறிப்பிடல் பொருந்தும். நிலீதா வாச்சானி அவர்கள் 1990 களின் நடுவில் எடுத்த "வென் மதர் கம்ஸ் ஹோம் ஃபோர் கிறிஸ்மஸ்" என்னும் படம், கிரேக்க நாட்டிலே பிறர் வீட்டுக் குழந்தையை வளர்க்கும் இலங்கைத் தாயொருத்தி பல ஆண்டுகளின் பின் நத்தாருக்காகத் தன் பிள்ளைகளிடம் திரும்புவதைக் காட்டுவது. அயலார் பிள்ளைக்குச் சோறூட்டும் கை தன் பிள்ளைக்குக் கடிதமும் காசும் அனுப்பும் கையாக மாத்திரம் இருக்கிறது. அந்நியச் செலாவணிக் கணக்கில் இலக்கமாகத் தோன்றும் ஒருத்தி, அப்படத்தில் எம் அயல் வீட்டுப் பெண்ணாக வந்து நிற்கிறாள். பூனா நகரத்து வீட்டு வேலைக்காரிகளுக்கும் இவளுக்கும் உள்ள உறவு எவருக்கும் எளிதிற் புலனாகும்.

எங்ஙனம் பார்த்தல் வேண்டும்?

இதுகாறுங் கூறியவற்றால் விளங்குவது யாதெனின், இந்தியப் பெண்களைப் பற்றிய விவரணப் படம் மூன்று படிகளைக் கடந்து வந்துள்ளது என்பதாகும். முதலில் அவளைப் பற்றிப் பிறர் பேசினர். பின்னர் அவள் பேசப் பிறர் கேட்டனர். அதன்பின் அவளே கமராவையும் பேனாவையும் ஏந்தினாள். தன்னைப் பற்றி எடுத்த படத்துக்கு மறுமொழியுங் கூறினாள். இம்மூன்று படிகளும் ஒன்றன்பின் ஒன்றாய் மறைந்துவிடவில்லை. இன்றும் ஒரே ஆண்டில் மூவகைப் படங்களும் வெளிவருகின்றன. பரிசு பெற்ற படமாயினும் முதற்படியில் நிற்பதுண்டு. பெயரறியாதார் எடுத்த படம் மூன்றாம் படியில் நிற்பதுண்டு.

ஆகையால், இளம் மாணவர்கள் இத்தகைய படத்தைக் காணும்போது சில வினாக்களை உடன்கொண்டு செல்வார்களாக. பேசுபவர் யார், வினவுபவர் யார்? திரைக்குப் பின்னிருந்து வரும் குரல் எவருடையது? படத்திலுள்ள பெண்ணுக்கு இப்படம் காட்டப்பட்டதா? காட்டப்பட்டபின் அவள் என்ன கூறினாள்? அவளுக்கு இதனால் நன்மையோ தீமையோ விளைந்ததா? இவ்வினாக்களைக் கேட்கப் பழகியவன் பத்திரிகைச் செய்தியையும், மேடைப் பேச்சையும், ஏன், தன் வீட்டில் நடப்பதையுமே வேறு கண்ணோடு நோக்குவான்.

எமது கல்லூரிகளிலே விவாத சங்கங்களும் நாடக மன்றங்களும் நெடுங்காலமாக நடந்து வருகின்றன. ஆண்டுக்கு நான்கு மாலைகளில், அரைமணி நேரப் படமொன்றைக் காட்டி, அதன்பின் ஒரு மணி நேரம் உரையாடுவதற்குப் பெருஞ் செலவு வேண்டியதில்லை. ஒரு சுவரும் ஒரு கருவியுமே போதும். அயலிலுள்ள மகளிர் கல்லூரி மாணவியரையும், ஆசிரியைகளையும், எமது வீட்டுத் தாய்மாரையும் அதற்கு அழைத்தல் வேண்டும். நிப்பாணியிலும் பூனாவிலும் படம் முடிந்தபின் விளக்கைப் போட்டுப் பேசத் தொடங்கியபோதே அப்படங்கள் பயன் தந்தன. எமது மண்டபங்களிலும் அவ்வாறு விளக்கேற்றி, முதலிற் பேசும் வாய்ப்பைப் பெண்களுக்கு அளித்து, நாம் சற்று நேரம் கேட்டிருப்போமாயின், அதுவே இப்படங்களுக்கு நாம் செய்யும் தக்க மரியாதையாகும்.